பேய்ப் படங்களும் பதினாறாம் நாளும்

என் மகளுக்குப் பேய் என்றால் பயம் கிடையாது. அதற்கு முழுப் பொறுப்பும் அவளுடைய அப்பாதான்.

இணையம் இழுத்துக்கொண்டு கிடக்கும் எங்கள் ரங்கூனில், படம் வேண்டுமென்றால் கடையில் கொடுத்து யூ.எஸ்.பி. ஸ்டிக்கில் ஏற்றி வாங்கி வருவதுதான் சுலபம். பசுந்தாங் சந்தைக்குப் பக்கத்திலிருக்கும் கைபேசிக் கடையில், மகளுக்காகக் குழந்தைப் பாட்டு கேட்டு ஸ்டிக்கைக் கொடுத்தார் என் கணவர். கடைக்காரர் பாட்டை ஏற்றிவிட்டு, மிச்ச இடம் வீணாகக் கூடாதென்று கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டு நிரப்பியிருந்தார். அப்படி வந்து சேர்ந்தவைதான் இந்தப் பழைய கார்ட்டூன்கள். எந்தக் காலத்திலோ அமெரிக்காவில் ஹாலோவீன் பண்டிகைக்காக வரைந்த கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்கள். முதல் தடவை ஓடியபோது டிவி பழுதாகிவிட்டது என்று நினைத்து, என் கணவர் அதன் முதுகில் ஓங்கித் தட்டினார். நிறம் வரவில்லை. கல்லறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த எலும்புக்கூடு ஒன்று தன் தலையைக் கழற்றி, ஊதித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டது. மகள் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து நான் ஓடி வந்தேன்.

என் கணவர் லைங் தாயாவிலுள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போகும் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தார். விடியும் முன்பே கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். மின்சாரம் முறை வைத்து வரும் ஊர் இது. மாலையில் எங்கள் தெருவின் முறை வந்துவிட்டால், “மீ லாப்பி” என்று மாடிக்கு மாடி ஒரு கூச்சல் எழும். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நான் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏற்றுவேன், சோறு வைப்பேன், சீருடையைத் தேய்ப்பேன். எல்லாவற்றையும் கரண்ட் போவதற்குள் முடித்தாக வேண்டும். அப்பாவும் மகளுமோ பாயை விரித்துப்போட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கரண்ட் இருக்கிற நேரத்தைப் பேய்க்குத் தத்தம் செய்கிற குடும்பம் ரங்கூனிலேயே இது ஒன்றுதான் என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். யாரும் காதில் வாங்கியதில்லை.

அவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு எப்போதுமே கொஞ்சம் முடங்கித்தான் போகும். அவர் தமிழில் கேட்பார். அவள் வீட்டில் யாரிடமும் பேசுவதுபோலவே பர்மிய மொழியில் பதில் சொல்வாள். அவருக்கு அது புரியும், ஆனால் சந்தையில் பேசுகிற பர்மியமும் பள்ளிக்கூடத்துப் பர்மியமும் ஒன்றல்லவே. பள்ளியில் நடந்ததை அவள் வேகமாகச் சொல்லத் தொடங்கினால் பாதியில் அவர் என் முகத்தைப் பார்ப்பார். இந்தப் படங்களில் அந்தத் தொல்லை இல்லை. யாரும் பேசுவதில்லை, இசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். எலும்புக்கூடு குட்டிக்கரணம் போட்டால், “பாரு, இவனுக்கு இடுப்பு வலியே இல்ல” என்பார். நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவரின் பொறாமை அது.

பூசணிக்காயில் கண்ணும் பல்லும் செதுக்கி உள்ளே விளக்கு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, “இது அவங்க ஊரு தடிஞ்சு விளக்கு” என்று மகள் தீர்மானித்துவிட்டாள். மழைக்காலம் முடியும்போது தெருவெல்லாம் விளக்கேற்றுகிற பர்மியப் பண்டிகை அது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அவர்களுடைய பேய்ப் பண்டிகையும் வருகிறதாம். அவள் சொன்னது சரியென்றே வைத்துக்கொண்டோம்.

இந்த வருஷம் மழை பிடித்த சமயம், ஒரு காலையில், தொழிற்சாலை வாசலில் பெண்களை இறக்கிவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தவர் பிறகு நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள். தாமுவேயிலிருந்து அவருடைய அக்கா வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, மகளைப் பள்ளியிலிருந்து நேராகத் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சின்னப் பிள்ளை, பார்த்தால் தாங்காது என்றார். நான் சரி என்றேன். அந்த நாட்களில் எதற்கும் சரி என்றுதான் சொன்னேன்.

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் போல இருந்தது உடம்பு முழுவதும். வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுது முடியும்வரை நான் நின்றேன். மோட்டாரை நிறுத்தினேனா என்று யோசித்தேன். கல் நெஞ்சுக்காரி என்று யாராவது சொல்லியிருக்கலாம், சொன்னாலும் தப்பில்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குச் சாவில் இரண்டு கணக்கு உண்டு. பர்மியர்களுக்கு, இறந்தவர் ஏழாம் நாள்வரை வீட்டில் இருப்பார். அன்றைக்குப் பிக்குகளுக்கு அன்னமிட்டு, நீர் வார்த்து, அவரை அனுப்பிவைப்பார்கள். எங்களுக்குப் பதினாறாம் நாள் காரியம். அக்கம்பக்கத்தார் மனம் கோணக் கூடாதென்று ஏழாம் நாளையும் செய்வோம், முன்னோர் மனம் கோணக் கூடாதென்று பதினாறையும் செய்வோம். நடுவிலுள்ள நாட்களில் செத்தவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. என் மகள் கேட்டாள்.

ஏழாம் நாள் முடிந்த மறுநாள்தான் அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். படியேறி வரும்போதே கீழ்வீட்டுப் பர்மிய அம்மாள் அவளை அணைத்துக்கொண்டு, அப்பாவை நேற்று நல்லபடியாக அனுப்பிவைத்தோம், கவலைப்படாதே என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். மகள் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

“அப்பாவ அனுப்பிட்டீங்களா? என்னை ஏன் கூப்பிடல? நான் டாட்டா சொல்லவே இல்லையே!”

அவளுக்கு உதடு துடித்தது. அவளும் அழத் தொடங்கினால் அதையும் நின்று பார்க்க வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“போகலம்மா. அது அவங்க கணக்கு. நம்ம கணக்குல பதினாறு வரைக்கும் இருப்பாங்க.”

“எங்க?”

“வீட்லதான்.”

அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். டிவிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். “வெள்ளைத் துணி போத்திக்கிட்டா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அது போதுமாக இருந்தது அவளுக்கு. உதடு துடிப்பது நின்றுவிட்டது. பதினாறாம் நாள் தானே டாட்டா சொல்லப்போவதாகவும், அதுவரை யாரும் சொல்லக் கூடாதென்றும் எனக்கு உத்தரவு போட்டாள்.

அன்று மாலையிலிருந்து கரண்ட் வந்ததும் அவள் பாயை விரிப்பாள். அப்பா உட்காரும் இடத்தை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்வாள். ஸ்டிக்கைச் செருகுவாள். நானும் போய் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் அந்தச் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன், படத்தை முழுசாகப் பார்த்ததில்லை.

நன்றாகத்தான் இருந்தது. கறுப்பு என்றால் மைக்கூட்டைக் கவிழ்த்த கறுப்பு. அதில் வெள்ளையாக நிலா. நிலாவுக்குக் கண் உண்டு, பயம் வந்தால் மூடிக்கொள்ளும். படச்சுருளின் கீறல்கள் மேலிருந்து கீழே மழையாக ஓடிக்கொண்டிருக்கும். பேய்கள் தங்களைத் தாங்களே துவைத்துப் பிழிந்து கொடியில் காயப் போட்டுக்கொள்ளும். ஒரு பூனை வேலி தாண்டிப் போய்விடும், அதன் நிழல் மட்டும் தாண்டப் பயந்து இந்தப் பக்கமே நிற்கும். யார் மேல் எது விழுந்தாலும் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து ஆடுவார்கள். அந்த உலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. நிறம் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது. அப்போது எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரிந்தது. மகள் சிரிக்கும்போது அந்தக் காலியிடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். நான் பார்க்கமாட்டேன்.

ஒரு நாள் நாத்தனார் வந்தார்.

“பதினாறு புதன்கிழமைல விழுது. எவன் லீவு குடுப்பான்? ஞாயித்துக்கிழமையே முடிச்சிரலாம். கோயில் ஐயரக் கேட்டுட்டேன், தோஷமில்லைன்னுட்டாரு.”

என் நாத்தனார் முடிவு செய்துவிட்டால் பஞ்சாங்கமே ஒதுங்கி வழிவிடும். ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் காரியத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்துக்கொள்கிறார்கள். “சரிங்க அண்ணி” என்றேன். மகளுக்குக் கொடுத்த வாக்கு அப்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஞாயிறு காலை இலை நறுக்கிக்கொண்டிருந்த அத்தையிடம் மகளே போய் நின்றாள். “அத்தை, அப்பா இன்னும் போகல. நாள் இருக்கு.”

“வாயக் கழுவு. காரியம் நடக்கிற வீட்ல என்ன பேச்சு இது?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பிலிருந்த பானையைப் பார்த்தேன். அவள் போய்க் கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

காரியம் குறையில்லாமல் நடந்தது. வடை, பாயசம், அவருக்குப் பிடித்த கருவாட்டுப் பொரியல்வரை இலையில் வைத்துப் படைத்தார்கள். காக்கை எடுத்தது. என் கழுத்தில் இருந்ததை எடுத்தார்கள். கழுத்து லேசாக இருந்தது, அவ்வளவுதான். பேருந்தில் வரும் பெண்கள் சிலர் விடுமுறை நாளென்று லைங் தாயாவிலிருந்து வந்து, ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். நாத்தனார் வீட்டைக் கழுவிவிட்டு, “என் தம்பி நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டான்” என்று மூக்கைச் சிந்திக்கொண்டு கிளம்பினார். அவரும் பாவம், கூடப் பிறந்தவர்.

மாலையில் “மீ லாப்பி” கேட்டது. மகள் பாயை விரித்தாள். இடம் விட்டு உட்கார்ந்தாள்.

“இன்னிக்கே முடிஞ்சிருச்சும்மா” என்றேன்.

“அத்தைக்கு லீவு இல்ல, அதான் முடிச்சாங்க. அப்பாவுக்கு என்ன அவசரம்?”

அதெல்லாம் சும்மா சொன்னது என்று நான் சொல்லிவிட்டால், அவள் அப்பாவுக்கு விடைகொடுப்பது இரண்டாம் தடவையும் தவறிப்போகும். இந்தத் தடவை அதைக் கெடுத்தவள் நானாக இருப்பேன். அந்த மரத்துப்போன நிலையிலும் அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை வந்தது. தாமுவே சந்தையில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையிலிருந்து சீக்கிரமே கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மகள் தலை வாரி, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் காத்திருந்தாள். விளக்கு வந்ததும் ஸ்டிக்கைச் செருகினாள், ஆனால் படத்தை ஓடவிடவில்லை. அந்தக் காலியிடத்துக்கு எதிரே நின்று, பள்ளியில் ஆசிரியரை வணங்குவது போல இரண்டு கையையும் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

“அப்பா, கடைசிப் படம் போடப் போறேன். பாத்துட்டுப் போங்க. டாட்டா.” தமிழிலேயே சொன்னாள். தப்பில்லாமல் சொல்லப் பழகியிருக்கிறாள் போலிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். “அம்மா, நீங்க சொல்லுங்க.”

என்ன சொல்வது? அவர் இறந்ததிலிருந்து அவரைப் பற்றி எல்லோரிடமும் பேசியிருந்தேன். அவரிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மகள் விடமாட்டேன் என்று நின்றாள். பாயைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது.

“என்னங்க, சாப்பிட்டுட்டுப் போங்க.”

மகளுக்கு அது நியாயமாகவே பட்டது. உள்ளே ஓடிப்போய் ஒரு தட்டை எடுத்து வந்து பாயின் மேல் வைத்தாள். அன்றைக்கு வீட்டிலிருந்தது சோறும் புளிச்சக்கீரையும்தான். சோற்றைப் போட்டேன். கீரையை ஓரமாக வைத்தேன், சோற்றோடு கலந்துவிட்டால் அவருக்குப் பிடிக்காது. தண்ணீர் மொண்டு வைத்தேன். மகள் படத்தை ஓடவிட்டாள். எலும்புக்கூடுகள் கைகோத்து ஆடின. நான் திரையைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தது. சோறு அப்படியே இருந்தது. மேலே லேசாகக் காய்ந்திருந்தது. எவ்வளவு அலுத்து வந்தாலும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்து எழுந்த மனிதர் இல்லை அவர்.

“அப்பா சாப்பிடல” என்றாள் மகள்.

“இல்லம்மா. அப்பா செத்துப் போயிட்டாங்க.”

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அந்தத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி, நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதோம்.