மரத்துப் போகும் ஊசி

எண்பதுகளின் நடுவில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் டிஸ்பென்சரி நர்ஸாக இருந்தேன். பழம் பறிக்கும் சீசன். ஈரச் சரிவில் வழுக்கி விழுந்த மல்லிகாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் அதே எஸ்டேட்தான், தொழிலாளர் லைன் வீடுகளில் அடுத்த வரிசை.

நல்லவேளையாக அன்று டாக்டர் வரும் நாள். சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை ஜீப்பில் வருவார். ஊர் மதுரைப் பக்கம், மலைக்குப் புதுசு. எலும்பு முறியவில்லை, தசைநார்தான் இழுபட்டிருக்கிறது என்றார். வீக்கத்தைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி போட்டார்.

"பயப்படாதம்மா. கால் கொஞ்ச நேரம் மரத்துப் போகும். வலி தெரியலைன்னு எந்திரிச்சு நடந்துடாதே."

சரியான அறிவுரைதான். ஆனால் கூட வந்த பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிரேப் பேண்டேஜ் கட்டி அனுப்பினோம்.

அடுத்த வாரம் கட்டைப் பிரித்தபோது வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது. டாக்டருக்கு ஒரே உற்சாகம்.

"பாருங்க சிஸ்டர், இந்த மருந்து வலியை நிறுத்தறது கொஞ்ச நேரம்தான். ஆனா வீக்கத்தையும் அடக்குதுன்னு படிச்சிருக்கேன். ஓய்வும் கட்டும் சேர்ந்திருக்கு, ஒரு காலை வச்சு முடிவு கட்ட முடியாது. இருந்தாலும் பாருங்களேன்!"

மல்லிகா தேம்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, வலிக்குதா?" என்றேன்.

"வலி இல்லீங்க சிஸ்டர். அத்தை கண்ணாலம் வேண்டாங்கறாங்க. எனக்குக் கால் மரத்துப் போச்சுன்னு லைனெல்லாம் பேச்சுங்க."

டாக்டர் விழித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மலையில் அந்த வார்த்தையோடு வீடு வீடாக வருபவர்கள் தொழுநோய்ப் பரிசோதனைக்காரர்கள். உடம்பில் தேமலைத் தொட்டுப் பார்த்து, "எங்காச்சும் மரத்துப் போயிருக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றவர்களை லைன்காரர்கள் தண்ணீர்க் குழாயடியில்கூடத் தள்ளி நிற்க வைத்தார்கள். அதற்கு மாத்திரை இருக்கிறது, குணமாகும் என்று நான் தொண்டை வற்றச் சொல்லியும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா அங்கம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"நான் எம் பையனையும் பாக்கோணுமில்லீங்க?"

"பாருங்க. முதல்ல இதைப் பாருங்க."

பரிசோதனைக்காரர்கள் செய்வதையே செய்தேன். மல்லிகாவைக் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் பஞ்சால் தொட்டேன். தொட்ட இடத்தைச் சரியாகக் காட்டினாள். பிறகு ஊசி முனையால் கணுக்காலில் குத்தினேன். அங்கம்மா மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கிவிட்டது.

"அய்யோ அம்மா! ஏனுங்க சிஸ்டர், இப்படிக் குத்தறீங்க!"

காப்பிக் களம் வரைக்கும் கேட்டிருக்கும். வலியைப் போக்கச் சம்பளம் வாங்கும் டாக்டரும் நானும் அந்த அலறலைக் கேட்டுச் சிரித்துவிட்டோம். அங்கம்மா உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் காலைத் தடவினாள்.

"இந்தக் கத்து கத்தறா. ஊட்டுக்கு வந்தா எங்கூட நல்லாத்தான் மல்லுக்கட்டுவா" என்றாள்.

தையில் கல்யாணம் நடந்தது. டாக்டர் அதன் பிறகு "வலி அடங்குற ஊசி" என்றுதான் சொல்வார். மலைக்கு வரும் புது நர்ஸ்களுக்கு நானும் இதைத்தான் சொல்கிறேன்: ஊசியைச் சுத்தமாகப் போடுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, சொல்லப்போகும் வார்த்தையை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அங்கம்மாவே நொண்டிக்கொண்டு வந்தாள். களத்துப் படியில் சறுக்கி முட்டி வீங்கியிருந்தது. அறையில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, டாக்டரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவளுக்குப் போட்ட ஊசியே எனக்கும் போடுங்க. லைன்ல நொம்பக் கேட்டாங்கன்னா, சத்து ஊசின்னு சொல்லிப்போடுங்க."