இறங்கியதும் மணி அடிக்கவும்

இரண்டு நம்பர் சீட்டு எழுதுகிறாள் என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். தைலம்மாள் பிறந்தது முதல் ஒரு சீட்டு எழுதியதுமில்லை, வாங்கியதுமில்லை. ஐந்தாம் மாடியில் மணி அடித்தால் அது சூதாட்டத்துக்குச் சாடை என்று யார் சட்டம் போட்டது? கோயிலில் மணி அடிக்கிறது, ஐஸ் வண்டியில் மணி அடிக்கிறது. அங்கே போய்க் கேட்க வேண்டியதுதானே?

மணி இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னார்கள்? க்யிம்யிண்டைங் பேட்டையில் இந்தத் தெருவில் எந்த மாடியிலிருந்துதான் கயிறு தொங்கவில்லை? லிஃப்ட் இல்லாத வீடுகள். சாவியும் கீரைக்கட்டும் பேப்பரும் கயிற்றில்தான் ஏறும். கீழ் நுனியில் ஒரு கிளிப்பு, மேலே பால்கனிக் கம்பியில் ஒரு மணி. கீழே நின்று இழுத்தால் மேலே அடிக்கும், வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். தைலம்மாள் வீட்டுக் கயிற்றில் ஒரே ஒரு வித்தியாசம்தான். மற்ற வீடுகளில் சாமான் ஏற்ற இழுப்பார்கள். அவள் வீட்டுக்குப் போனவர்கள் இறங்கி வந்த பிறகும் ஒரு தரம் இழுக்க வேண்டும். ஆற்றங்கரைப் படகு ஜெட்டியில் மூட்டைக் கணக்குப் பார்க்கிற புருஷன் உதயசூரியன் விடிகாலையில் இறங்கியதும் ஒரு இழுப்பு. கேஸ் சிலிண்டர் போட வந்தவன் இறங்கியதும் ஒரு இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை தோளில் பையோடு வந்துபோகும் முக்காட்டுப் பெண் இறங்கியதும் ஒரு இழுப்பு.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் படிக்கட்டுக்குக் கீழே வெற்றிலை மடித்து விற்கிற புஷ்பா கதை கட்டினாள்.

"பொம்பள மழைக்காலம் பூரா படியெறங்கல. புருசன் கருக்கல்ல மணி அடிக்கிறான். எவளோ ஒருத்தி வாராவாரம் பையத் தூக்கிட்டு வந்து போறா. இது சீட்டுத் தொழில் இல்லாம வேற என்னாங்கிறேன்? போலீசு வந்தா மொதல்ல ஒடையறது என்னோட குன்யாக் கடதான்!"

புஷ்பாவின் கோபத்துக்கு வேறொரு வேரும் உண்டு. போன தைப்பூசத்துக்கு அவள் புது ரவிக்கை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தைலம்மாள் பக்கத்தில் போய், தோள்பட்டைத் தையலின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவினாள். "ரிஜெக்ட்" என்றாள். சாமி தேர் ஏறுகிற நேரம், சுற்றிலும் ஜனங்கள். புஷ்பா அதை மறப்பாளா?

ஆனால் அது தைலம்மாளின் கைப்பழக்கம். லைங் தாயாவில் சட்டை தைக்கிற ஃபாக்டரியில் அவள் செக்கர். தைத்து முடித்த சட்டை மேசைக்கு வந்தால் கண்ணால் பார்ப்பது பிறகுதான். முதலில் உள்ளங்கை. தையல் ஓரமாக மெல்ல ஓடும், பிசிர் தட்டினால் நிற்கும், பின்னால் போய் மறுபடி வரும். "கண்ணு ஏமாத்தும், தோலு ஏமாத்தாது" என்பாள். பிறகு ஒரு சொல்: பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் முந்தானையும் தப்பாது, புருஷன் வாங்கி வரும் கத்திரிக்காயும் தப்பாது. "நானே பத்து வருசமா ஹோல்டுல கெடக்கேன்" என்று உதயசூரியன் ஜெட்டியில் சொல்லிச் சிரிப்பான். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடு.

பங்குனியில் லீவு போட்டுவிட்டு மாண்டலேயில் இருக்கும் தங்கை கலாவைப் பார்க்கப் போனாள். அங்கே போனபோதுதான் பூமி ஆடியது. கலா போய்விட்டாள். தைலம்மாள் மேலில் ஒரு கீறல்கூட இல்லாமல் பஸ் ஏறித் திரும்பி வந்தாள். ஐந்து மாடியும் தானாகவே ஏறினாள், குளித்தாள், படுத்தாள். மறுநாள் காலையில் ஃபாக்டரி ஆட்களை ஏற்றிப்போகும் ஃபெர்ரி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. தலைசீவி, சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். படியில் கால் வைக்கப் போனாள். கால் போகவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது, மறுபடி அடித்தது, பிறகு ஃபெர்ரி போய்விட்டது. கேரியர் கையிலிருக்க அவள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "கால்கிட்ட சொல்லிப் பாத்தேன், கேக்கல" என்றாள் புருஷனிடம். அவ்வளவுதான் சொன்னாள்.

தெருவே கெட்டதென்று சொல்லக்கூடாது. தண்ணீர்த் திருவிழாவுக்கு எல்லாரும் கீழே நின்று அண்ணாந்து கூப்பிட்டார்கள்: "தைலம், எறங்கி வா! ஒரு வாளித் தண்ணி ஊத்துனா எல்லாம் சரியாப் போயிடும்!" கோயில் பூசாரி மூச்சு வாங்க ஏறி வந்து திருநீறு பூசிவிட்டு, "மனசத் தேத்திக்கிட்டு எறங்கி வாம்மா, அம்மன் பாத்துக்குவா" என்றார். யார் அப்படிச் சொன்னாலும் அவள் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு அடுப்படி மூலையில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நல்லதுக்குத்தானே கூப்பிடுகிறோம் என்று எல்லாருக்கும் வருத்தம். திமிர் என்று சிலர் சொன்னார்கள்.

உதயசூரியன் ஃபாக்டரி கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையை எடுத்துக்கொண்டு அலைந்தான். அட்டையோடு ஆஸ்பத்திரிகளின் பட்டியல் ஒன்றும் உண்டு. பல்லுக்கு இருந்தது, எலும்புக்கு இருந்தது. மனசுக்கு ஒரே ஒரு டாக்டர்தான். அவர் வாரத்தில் ஒரு நாள் வருவார், ஆளை நேரே கொண்டுவர வேண்டும்.

"அவ படியெறங்க மாட்டேங்குறா, அதுதான் சீக்கே" என்றான் உதயசூரியன்.

"ஆளப் பாக்காம எப்பிடிங்க எழுதுறது? கீழ எறக்கிக் கொண்டாங்க" என்றாள் கவுண்டர்ப் பெண்.

"டாக்டர் ஒரு நடை வந்து பாத்தா?"

"வீட்டுக்கு வந்து பாக்குறது அட்டையில இல்ல. லிஸ்ட்டுக்கு வெளிய யாரயாவது பாத்தா, அது உங்க பாடு."

அட்டைக்குப் படியேறத் தெரியாது என்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

புரிந்தும் ஒரு தப்பு செய்தான். ஜெட்டியிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டி வந்து, பெண்டாட்டியை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கிவிடலாம் என்று பார்த்தான். முதல் படியில் அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்தன. தூக்கியவன் மணிக்கட்டில் அவள் பல் பதிந்தது. அவளை நாற்காலியோடு திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அன்று முதல் பெண்டாட்டியை அடிக்கிறான் என்று அவனுக்கும் ஒரு பெயர் வந்தது.

பட்டியலுக்கு வெளியே தேடினான். ஒருவர் போனில் முகம் பார்த்துப் பேசுகிறேன் என்றார். மாண்டலேயிலிருந்து வந்த நாளாகத் தைலம்மாள் போனைத் தொடுவதில்லை, வீட்டில் ஒன்று ஒலித்தாலே எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள். இன்னொருவர் கதையைக் கேட்டுவிட்டு மாத்திரை எழுதினார். அவள் பகலெல்லாம் தூங்கினாள், கால் அப்படியேதான் இருந்தது. இதற்குள் லீவெல்லாம் தீர்ந்து ஃபாக்டரியில் பெயரை எடுத்துவிட்டார்கள். பெயரோடு அட்டையும் செத்தது. ஃபெர்ரி இந்தத் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டது.

கடைசியில் வழி சொன்னவர், லான்மடாவில் மசாலாக் கடை வைத்திருக்கும் பர்கத்துல்லா. மூட்டை இறக்க ஜெட்டிக்கு வந்த இடத்தில் உதயசூரியனின் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். "நம்ம மருமக ஜஸீலா இதத்தான் படிச்சிருக்கா. எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்ல, எந்த லிஸ்ட்டுலயும் இல்ல. கடைக்கு மேல ஒரு ரூம்புல உக்காந்து ஆளுங்க பேசுறத கேட்டுக்கிட்டு இருக்கும். என்னா கேக்குதோ, அல்லாவுக்கு வெளிச்சம். ஆனா போறவுக நல்லாத்தான் போறாக."

ஜஸீலா கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவது மாடி?" ஐந்து என்றதும், "சரி, ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றாள். அவளுக்குக் கொடுக்க உதயசூரியன் ஜெட்டியில் இன்னொரு ஷிஃப்டும் சேர்த்து வேலை பார்த்தான். தன் பங்குக்கு வெற்றிலையை விட்டான். புஷ்பா கடையில் ஒரு வாடிக்கை குறைந்தது, அதற்கும் ஒரு காரணம் கற்பித்தார்கள்.

ஜஸீலாவுக்குப் பர்மிய மொழிதான் சரளம். தமிழ் தட்டித் தட்டித்தான் வரும். வந்தவள் பாயில் உட்கார்ந்தாள். தைலம்மாள் அவள் சட்டை ஓரத்தை இழுத்துப் பார்த்தாள்.

"யாரு சயாமா தச்சது? ரிஜெக்ட்." சயாமா என்றால் இங்கே டீச்சருக்கும் அதே மரியாதை, டாக்டரம்மாவுக்கும் அதே மரியாதை.

"என் மாமி தச்சாங்க, அக்கா."

"மாமிகிட்ட சொல்லாதீங்க. அடுத்த வாட்டி கழட்டிக் குடுங்க, நான் பிரிச்சுத் தைக்கிறேன்."

முதல் ஞாயிறு இவ்வளவுதான். ஆனால் கிளம்ப எழுந்ததும் தைலம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பாக இருந்தது. "எறங்காதீங்க" என்றாள். தினமும் புருஷன் இறங்கும்போதும் இதே பாடுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவன் சாயங்காலம் திரும்பி வருகிறவரை அவளுக்கு மூச்சு பாதிதான். ஜஸீலா மறுபடி உட்கார்ந்தாள். பயப்படாதே என்று சொல்லவில்லை. "நான் கீழ போயி சேந்தேன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியணும், அக்கா?" என்று கேட்டாள். தைலம்மாள் பால்கனிக் கயிற்றைக் காட்டினாள்.

தெரு பேசுகிற மணியின் பிறப்பு இதுதான்.

பெருமழை பெய்த ஒரு ஞாயிற்றில் தைலம்மாள் மற்றதையும் சொன்னாள். ஜஸீலா யாரிடமும் வாய் திறக்கிறவள் இல்லை, தைலம்மாளே பின்னால் சொன்னதுதான் இது. அன்றைக்கு மாண்டலேயில் அவள் கொத்தமல்லி வாங்கக் கீழே இறங்கியிருந்தாள். கலா மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து கயிறு விட்டாள். கொத்தமல்லிக் கட்டை அதன் கிளிப்பில் மாட்டி, அது பாதி உயரம் ஏறும்போது ரோடு துணிபோல் மடிந்தது. பத்திரமான இடத்தில் நின்றவள் தைலம்மாள். அண்ணாந்து கத்தினாள்: "கலா, எறங்கி வாடி! ஓடி வா!" அக்கா பேச்சைத் தட்டாத பெண். கொத்தமல்லி விழுந்துவிடக் கூடாதென்று கயிற்றைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே ஓடினாள். விழுந்தது மாடிப்படி. பால்கனி விழவில்லை. இடிபாட்டுக்குள்ளிருந்து கலாவின் போன், இவள் கூப்பிடக் கூப்பிட, சார்ஜ் தீர்கிறவரை ஒலித்தது.

"நான் கூப்புடலேன்னா அவ அங்கயே நின்னுருப்பா, சயாமா. அந்தப் பால்கனி அப்பிடியே நிக்கிது. சொன்னவ நான். எறங்கி வான்னு சொன்னவ நான்."

உன் தப்பில்லை என்று ஜஸீலா சொல்லவில்லை. "கொத்தமல்லிய யாரு எடுத்தாங்க, அக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் எடுக்கல. அங்கயே தொங்கிக் காஞ்சு போச்சு" என்றாள் தைலம்மாள். மாண்டலேயிலிருந்து வந்த பிறகு அவள் அழுதது அன்றுதான் முதல் தடவை.

எறங்கி வா என்ற சொல்லை ஜஸீலா ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. அவள் ஏறி வந்தாள், இறங்கிப் போனாள், மணியை இழுத்தாள்.

ஒரு ஞாயிறு மணி அடிக்கவில்லை.

கயிற்றை அறுத்தது யார் என்று தெருவுக்கே தெரியும். நைலான் நுனி பாக்குவெட்டியில் நறுக்கினதுபோல் சுத்தமாக இருந்தது. சோதனைக்கு ஆள் வரப்போகிறது என்று யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள். புஷ்பாவுக்கும் அந்தக் கடையை விட்டால் சோறு கிடையாது, பயம் நியாயம்தான். ஆனால் ஏணி போட்டு, கைக்கு எட்டாத உயரத்தில் அறுத்தாளே, அது நியாயமா? இறங்கி வந்த ஜஸீலா கயிற்றைத் தேடினாள். அண்ணாந்து "அக்கா!" என்று கத்தினாள். கரண்ட் போன மத்தியானம், தெருவெங்கும் ஜெனரேட்டர் இரைச்சல். மறுபடி மேலே ஓடத் திரும்பினாள். புஷ்பா பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி ஓடுற? பையத் தொறந்து காட்டிட்டுப் போ! எத்தன பேரு நம்பரு இருக்கு உள்ள?"

பைக்குள் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலும், தைலம்மாள் ஓரம் பிரித்துத் தைத்துக் கொடுத்த சட்டையும்தான். அதைக் காட்டி முடிப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

மேலே தைலம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. பால்கனிக்குப் போனாள். முதல் மாடித் தகரக் கூரை தரையை மறைத்தது. மணியைப் பார்த்தாள், அது சும்மா தொங்கியது. உதயசூரியன் ஜெட்டியில். கதவைத் திறந்தாள். படிக்கட்டு இருட்டாக இருந்தது, யாருடைய காலடியும் இல்லை. "சயாமா" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். கூப்பிட்ட குரலுக்குப் படியில் ஓடி வந்துவிடுவார்கள். கூப்பிடக்கூடாது. போய்ப் பார்க்க வேண்டியவள் அவள்தான்.

காலிடம் சொன்னாள். கேட்கவில்லை. அதனால் வாசலிலேயே உட்கார்ந்தாள், இடுப்பில் கட்டியிருந்த தமேன் கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் சொருகிக்கொண்டாள், குழந்தைபோல் நகர்ந்து வாசலைத் தாண்டி வெளியே வந்தாள். முதல் படியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். சுவரோரத்திலிருந்து கைப்பிடிக் கம்பி வரைக்கும் கை மெல்லப் போயிற்று. நடுவில் ஒரு விரிசல் தட்டியது. கை நின்றது, பின்னால் போயிற்று, மறுபடி அந்த இடத்துக்கே வந்து அழுத்திப் பார்த்தது.

"பாஸ்" என்றாள். இடுப்பை நகர்த்தி அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த படிக்குக் கையை நீட்டினாள்.