தேசிக்காய்ப் புளியில் எழுதிய தாள்

பிள்ளைகளோடு குசினியில் விஞ்ஞானம் செய்வது மூளைக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நான் நல்லதென்று நினைத்துத் தொடங்கவில்லை. இரண்டும் சத்தம் போடாமல் ஓரிடத்தில் இருந்தால் போதும் என்றுதான் தொடங்கினேன். நகரத்தில் குண்டு வெடித்துப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியிருந்த கிழமை அது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், சிங்களக் குடும்பம் ஒன்றின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. இவர் காலையில் புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போனால் இருட்டத்தான் வருவார்.

அதோடு என் தம்பியும் இருந்தான். வன்னியிலிருந்து வந்து இரண்டு கிழமை. அடையாள அட்டையை வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டு வந்திருந்தான். வீட்டில் யார் தங்கினாலும் பொலிசில் பதியவேண்டும். அட்டை இல்லாத இளந்தாரியைப் பதியக் கூட்டிக்கொண்டு போனால், நாங்களே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வருகிற கதைதான். அதனால் பதியவில்லை. பதிவுத் தாளில் நாலு பேர், வீட்டில் ஐந்து பேர். பிடிபட்டால் அவனோடு சேர்த்து இவரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். மாமா வந்திருக்கிறதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது.

முதல்நாள் முட்டையை மிதக்கவிட்டோம். கிளாசுக்குள் தாழ்ந்து கிடந்த முட்டை, உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க மேலே வந்தது. மகன் கைதட்டினான். மகள் ஏன் என்று கேட்டாள். உப்புத் தண்ணி பாரம், முட்டையைத் தாங்கும் என்றேன். அப்படியென்றால் கடலில் நாங்களும் தாழமாட்டோமா என்றாள். தாழுவோம் என்றேன். அதற்கும் ஏன் என்றாள். எனக்கு அலுப்பு வந்துவிட்டது, போய்ப் படம் கீறு என்று கலைத்துவிட்டேன். அடுத்தநாள் மஞ்சள் கரைத்த தண்ணீருக்குள் சவர்க்காரத் தண்ணீரை விட்டோம். அது சிவப்பாக மாறியதும் மகன் இரத்தம் இரத்தம் என்று கத்தத் தொடங்கினான். ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். நல்ல விஞ்ஞானம்!

மூன்றாம் நாள் தேசிக்காய்ப் புளி, எலுமிச்சஞ்சாறு. ஈர்க்கில் பஞ்சைச் சுற்றிப் புளியில் தோய்த்து, வெள்ளைத் தாளில் மகனின் பெயரை எழுதிக் காயவிட்டேன். காய்ந்தபிறகு பார்த்தால் வெறும் தாள். காஸ் அடுப்புக்கு மேலே பிடித்துச் சூடு காட்ட, எழுத்து மண்ணிறமாக ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தது. மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். அன்று முழுக்க அவள் ஏன் என்று கேட்கவே இல்லை. மிச்சப் புளியை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் போய்க் குந்தி, கையால் மறைத்து மறைத்து ஏதோ எழுதினாள். அப்பா வந்தபிறகுதான் சூடு காட்டவேண்டும் என்று சொல்லி, தாளைக் குசினிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். இவர் வந்து சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டார். தாள் அப்படியே தொங்கியது.

மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்குத் தம்பி அடுத்த ஒழுங்கையில் இருந்த கொமினிக்கேஷன் கடைக்கு, போன் பேசப் போனான். வெளிநாட்டிலிருந்து எங்கள் அண்ணை அங்கே கோல் எடுப்பார். அவன் போய்க் கால்மணித்தியாலம் இருக்கும், படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஒரு வயதான சார்ஜன், ஒரு இளம் பொலிஸ்காரன். பதிவுத் தாளைக் கொடுத்தேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். நாலு என்றேன். அறைக்குள் மகன் நித்திரை. கொடியில் காய்ந்த தம்பியின் சாரத்தை இவருடையது என்றேன். வந்த வேலை முடிந்து போய்விடுவார்கள், அதற்கிடையில் அவன் படியேறி வந்துவிடக்கூடாது என்பதுதான் என் மனமெல்லாம்.

சார்ஜன் குசினியை எட்டிப் பார்த்தார். கொடியில் தொங்கிய வெறும் தாளைக் காட்டி, “மே மொக்கத?” என்று கேட்டார். இது என்ன என்று கேட்டால் நான் என்ன சொல்வது? பிள்ளைகளின் விளையாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் முந்திவிட்டாள். கீழ்வீட்டுப் பெட்டையோடு விளையாடிப் பழகிய சிங்களம், என்னுடையதைவிட நூறு மடங்கு திறம். அதில் எழுத்து இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, நெருப்புக் காட்டினால்தான் தெரியும் என்று பெருமையாக விளக்கினாள்.

சார்ஜனின் முகம் மாறியது. இளையவன் கிட்ட வந்தான். சூடு காட்டு என்றார்கள்.

அடுப்பை மூட்டினேன். நெருப்புக்குக் கிட்டப் பிடித்ததில் தாளின் ஓரம் கருகியது. எழுத்துகள் வந்தன, கோணல்மாணலாக, பெரிது பெரிதாக. ‘மாமா எங்கடை வீட்டிலை இருக்கிறார். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது.’

ஒருவருக்கும் சொல்லாதே என்று அவளை அவ்வளவு வெருட்டி வைத்திருந்தேன். குஞ்சு என்ன செய்யும்? வயிற்றுக்குள் வைத்திருக்க ஏலாமல், ஒருவருக்கும் தெரியாத மையில் எழுதியிருக்கிறது. எனக்கு அவளை அடிக்கவேண்டும்போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும்போலவும் இருந்தது.

இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. முருகா என்று மனதுக்குள் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறது என்று சார்ஜன் கேட்டார். கேக் வாங்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். கேக் வாங்குவதை ஏன் ஒளித்து எழுதவேண்டும் என்றார். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சிங்களமும் அந்த இடத்தில் வற்றிவிட்டது. சார்ஜன் என்னை விட்டு மகளைப் பார்த்தார்.

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அப்பாவின் பிறந்தநாள் வருகிறது, அவருக்குத் தெரியாமல் கேக் வாங்கப் போகிறோம், நீங்களும் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். இடையில் தலையைச் சரித்து ஒரு சிரிப்பு வேறு. இவருடைய பிறந்தநாள் தை மாதம். அப்போது ஆடி.

சார்ஜன் சிரித்துவிட்டார். தனக்கும் இந்த வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள் என்று சொல்லி, அவள் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனார். அவர்கள் போய்ப் பத்து நிமிடம் இருக்காது, தம்பி பணிஸ் பையோடு வந்தான். நடந்ததைக் கேட்டதும் பை கையிலிருக்க அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

நான் தாளை அடுப்பில் எரித்தேன். கையைக் கழுவினேன். தேத்தண்ணி போட எழும்ப முடியாமல் குசினி வாசலில் சாய்ந்து கிடந்தேன். மகள் பணிசைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை.

“அம்மா, இனி அவை வந்தால் நான் கதைக்கிறன். நீங்கள் பேசாமல் நில்லுங்கோ. உங்கடை சிங்களம் காணாது.”

அப்போது நான் அவளை மடியில் இழுத்து, அதெல்லாம் உன் வேலை இல்லை பிள்ளை, அம்மா பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கவேண்டும். எந்தத் தாயும் அதைத்தான் சொல்லுவாள். எனக்கு அவ்வளவு களைப்பு. சரி, நீயே கதை என்றேன். சொன்னபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் நாலைந்து தரம் வந்தார்கள். ஒவ்வொரு தரமும் அவள்தான் முன்னுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். நான் பின்னால் நின்றேன்.