காலிக்கட்டம் அக்கா

"அஞ்சு, ஆறு, ஏழு..." உதடு மட்டும் அசைய எண்ணுகிறார் அக்கா. காலை பத்து மணி. அந்தப் பெரிய மருத்துவமனையின் எல்லாப் பிரிவுகளிலும் ஒரே சமயத்தில் ஸ்கேன் படங்களைத் திறக்கும் வேளை. யாராவது ஒரு மருத்துவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, திரையில் படம் வந்து விழும்வரை எண்ணுவார். பிறகு கட்டம் போட்ட நோட்டில் ஒரு புள்ளி வைப்பார்.

"பேய் மாதிரி பின்னாடி வந்து நிக்காதீங்கக்கா!"

"ஏழு விநாடிதான் ஆச்சு. நல்லா இருங்க."

படங்கள் தங்கும் டிஸ்க்குகளுக்குத் திட்டம் போடுவது அவர் வேலை. எத்தனை டிஸ்க், என்ன அளவு, நாளைக்குக் கூட்டம் பெருகினால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வயது நாற்பத்தெட்டு. டிஸ்க் செருகும் பெட்டி எது வாங்கினாலும் மூன்றில் ஒரு பங்குக் குழிகளைக் காலியாக விடுவதால், கணினி அறையில் அவருக்குக் 'காலிக்கட்டம் அக்கா' என்று பெயர். வீட்டுப் பீரோவிலும் ஒரு தட்டு காலி.

"யாருக்கும்மா இந்த இடம்?" என்று மகள் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "உனக்குத்தான்டி. கல்யாணம் ஆகி, கோவிச்சுக்கிட்டுப் பொட்டியோட வருவல்ல?"

ஆறு வருடங்களுக்கு முன் அவர் இப்படி இல்லை. எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் பார்த்து, எட்டுக் குழிப் பெட்டியில் எட்டுப் பெரிய டிஸ்க்குகளைச் செருகினார். பாதி இடம் மிச்சம். ஆனாலும் ஒரு நாள் பத்து மணிக்குப் படம் வர நாற்பத்தோரு விநாடி ஆயிற்று. அறுவை மருத்துவர் கழுவிய கைகளை எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேரே உயர்த்தியபடி திரையையே பார்த்து நின்றார். "படம் எடுத்துக் குடுக்க ஒரு டிஸ்க்குக்கு ஒரு கைதான். எட்டுக் கை, எதிர்ல நூறு தட்டு. எப்படிப் பரிமாறும்?" என்று இன்றும் தன்னையே திட்டிக்கொள்வார். கூடுதலாகச் செருகக் குழி இல்லை. புதுப் பெட்டி வந்து, படங்களை மாற்றி முடிக்க நான்கு மாதம். அத்தனை நாளும் அந்தக் கைகள் உயர்ந்தே நின்றன.

இப்போது அடுத்த பெட்டிக்கான நேரம். இருபத்துநான்கு குழி, பதினாறு சிறிய டிஸ்க், எட்டு காலி என்று எழுதிக் கொடுத்திருந்தார். பயந்து பயந்து அதிகம் கேட்கிறோமோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் உண்டு. இன்று கையெழுத்தாக வேண்டும். புதிதாக வந்த நிர்வாக அதிகாரி தாளைத் தட்டினார்.

"ஆறு பெரிய டிஸ்க்லயே எல்லாம் அடங்குதே மேடம். காத்து வாங்கவா எட்டுக் குழி?"

அக்கா அவரைத் தன் கணினித் திரை முன்னால் அழைத்துப்போனார். சோதனைக்கென்று வைத்திருக்கும் அந்தப் பழைய எட்டுக் குழிப் பெட்டியில், பத்து மணிக் கூட்டம் மாதிரி நூறு பேர் ஒரே நேரத்தில் படம் கேட்பதுபோல் ஓட்டவிட்டார்.

"சார், ரெண்டு கையையும் இப்படித் தூக்குங்க. படம் வர்ற வரைக்கும் இறக்கக் கூடாது."

அதிகாரி சிரித்துக்கொண்டே தூக்கினார். பத்தாவது விநாடியில் சிரிப்பு நின்றது. இருபதில் மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை. முப்பதில், "கரண்ட் ஏதாச்சும் போயிருச்சா?" என்றார். நாற்பதைத் தாண்டி ஒரு நுரையீரல் மெல்லத் திரைக்கு வந்தது. கைகளை இறக்கி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, பதினாறே வாங்குங்க. ஆனா பதினாறு குழி உள்ள பெட்டி போதுமே? காலிக் குழி எதுக்கு? அடுத்த வருஷம் தேவைப்பட்டா அப்பப் பாத்துக்கலாம்."

அக்கா நோட்டைத் திறந்தார். மாதத்துக்கு மாதம் மேலே ஏறும் விநாடிப் புள்ளிகள். அவற்றைக் காட்டி விளக்கலாம். மூடிவிட்டார். அதிகாரியைப் பார்த்தபடி, தன் இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே மெல்ல உயர்த்தி, அப்படியே நின்றார்.