கரிநாக்கும் பிஸ்டனும்

எங்கள் காரின் இஞ்சினைக் கணவரின் அண்ணன் பிரித்துப் போட்டிருந்த வாரத்தில்தான் எனக்கு மறுபடி வேலை கிடைத்தது. தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. குழந்தை பிறப்பதற்கு முன்பு அங்கேதான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். வார்ப்புத் துண்டுகளை அளந்து, தேறும், தேறாது என்று பிரித்து வைப்பது என் வேலை. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். கிள்ளானில் நாங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து அங்கே நேராகப் போக பஸ் கிடையாது. கார் ஓடினால்தான் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் சம்மதித்திருந்தார். சம்மதித்தார் என்பதுகூடக் கொஞ்சம் பெரிய சொல். "மொதல்ல கார் ஓடட்டும், பாக்கலாம்" என்றார்.

அண்ணனின் பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை இஞ்சினியரம்மா என்பார். நான் படித்தது டிப்ளோமாதான் என்று ஒரு தடவை திருத்தினேன். திருத்தியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் முன்னால்தான் அப்படிக் கூப்பிட்டார்.

கார் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. சிலிண்டர்கள் தேய்ந்துவிட்டதால் அவற்றைக் குடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன்கள் போட வேண்டும். அசல் பிஸ்டன் கிடைக்காமல் வேறொரு கம்பெனி செய்ததை வாங்கியிருந்தார். பெட்டியில் 'ஓவர்சைஸ் ஐம்பது' என்றிருந்தது, அதாவது அரை மில்லிமீட்டர் கூடுதல். அவரும் சிலிண்டர்களைச் சரியாக அரை மில்லிமீட்டர் குடைந்துவிட்டார்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுபோனேன். பிஸ்டன்கள் செய்தித்தாள்மேல் வரிசையாக இருந்தன. பக்கத்தில் மைக்ரோமீட்டர் கிடந்தது. பழக்கம்தான். குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றை எடுத்து அதன் கீழ்ப்பகுதியில் வைத்து அளந்தேன். பிறகு உள்ளே விட்டுப் பார்க்கும் அளவுமானியால் சிலிண்டரையும் அளந்தேன். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் நான்கு பங்காவது இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். இரண்டுகூட இல்லை. சூட்டில் பிஸ்டன் விரியும். விரிந்தால் சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

"மாமா, இடைவெளி பத்தாது மாதிரி இருக்கு."

"பெட்டியில அம்பதுன்னு போட்டிருக்கு, அம்பது போர் அடிச்சாச்சு. செஞ்சவன விட ஒனக்குத் தெரியுமா?"

"ஒரிஜினல் இல்லையே மாமா. சில கம்பெனிக்காரன் இடைவெளியக் கழிச்சிட்டுப் பிஸ்டன் செய்வான், சிலபேர் கழிக்க மாட்டாங்க. பிஸ்டன அளந்துட்டுத்தான் குடையணும்."

"இஞ்சினியரம்மா, நீங்க போயி பிள்ளைக்கு டயப்பர் எம்மா எல்லான்னு சைஸ் பாருங்க லா. பிஸ்டன் சைஸ நான் பாத்துக்கிறேன்."

உட்கார்ந்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார், தரையைப் பார்த்தபடி. அதோடு நான் வந்திருக்கலாம். "சூடானா ஜேம் ஆயிரும் மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமியார் பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது.

ஜேம் ஆனது. கணவர் மாமியாரை பிரிக்பீல்ட்ஸுக்குப் பூ வாங்கக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, பெடரல் நெடுஞ்சாலையில் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. லோரிகள் உரசிப் போகும் ஓரத்தில், வெயிலில், பூப்பையோடு மாமியார் நின்றிருக்கிறார். இழுவை வண்டியில் வந்து இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார்.

"கரிநாக்கு! ஜேம் ஆயிரும்னு வாயால சொன்னே இல்ல? சொன்ன மாதிரியே நிறுத்திட்டே. எம் புள்ளையும் நானும் அதுல இருக்கோம்னுகூட நெனைக்கல."

மாமா இஞ்சினைப் பிரித்தார். பிஸ்டன்களின் பக்கமெல்லாம் நகத்தால் கீறியதுபோல் கோடுகள். காரணம் அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார், பிறகு தன் அம்மாவைப் பார்த்தார். "புதுசா கட்டுன இஞ்சின்மா, வாய் பட்டா இப்படித்தான்" என்றார்.

கணவர் என்னிடம் தனியாகச் சொன்னது ஒரே வரி. "நீ சும்மா இருந்திருக்கலாம்ல?"

குளியலறைக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் பார்த்தேன். ஓரத்தில் ஏதோ நிழல் மாதிரி. வெளியே வந்தபோது மாமியார் என் மகளை மடியில் போட்டு, விரலால் வாயைத் திறந்து, நாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை குமட்டி அழுதாள். "நல்லவேள, இவளுக்கு இல்ல" என்று என்னிடமே கொடுத்தார்.

அடுத்த அளவுப் பிஸ்டன்கள் வந்தன. மாமா குடையத் தொடங்குமுன் மாமியார் தடுத்தார். "அவளக் கூப்பிடு. நல்லா ஓடும்னு அவ வாயால சொல்லட்டும். அப்புறம் கைய வை."

பட்டறையில் நின்றேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் மாமா மறுபடியும் பெட்டியைப் பார்த்துத்தான் குடைவார்.

"சொல்றேன் அத்தை. ஆனா அளந்து பாக்காம எனக்கு வாயில வராது."

மாமியார் மூத்த மகனைப் பார்த்தார். மாமா மைக்ரோமீட்டரை நீட்டினார். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்தேன். கொஞ்சம் குறைத்தே குடையச் சொல்லி, மீதியைச் சாணைக்கல்லால் தீட்டச் சொன்னேன். அவர் தீட்டுவார், நான் அளவுமானியை உள்ளே விட்டுப் பார்ப்பேன். "இன்னும் வரல மாமா." மறுபடி தீட்டுவார். அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"என்ன பாஸ், அம்மன் இன்னும் வாக்கு குடுக்கலையா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கணவர் இப்போதும் தரையைப் பார்த்தே சிரித்தார். மூன்றாவது சிலிண்டர் சரியாகத்தான் இருந்தது. "தொடச்சிட்டு வாங்க மாமா, இன்னொரு தடவ பாக்குறேன்" என்றேன். அவர் துடைத்தார்.

கடைசியில், "நல்லா ஓடும்" என்றேன். மாமியார் கண்ணை மூடிக் கும்பிட்டார். கார் ஓடியது.

வேலைக்குப் போகும் முதல் நாள் காலை, குழந்தையை மாமியாரிடம் கொடுத்தேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. குளியலறை வாளியில் தண்ணீர் விட்டுவைக்கக் கூடாது. ரம்புத்தான் பழத்தைக் கொட்டையோடு கொடுக்கக் கூடாது. படிக்கட்டுக் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும்.

"அத்தை, அந்த வாளியில..."

அவர் குழந்தையின் இரு காதுகளையும் பொத்தினார். "வேணாம். ஒன்னும் சொல்லாத. நல்லா இருப்பான்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"நல்லா இருப்பா" என்றேன்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் கிளம்பியது. அவ்வளவு மென்மையாக அந்தக் கார் ஓடி நான் பார்த்ததில்லை. தெலுக் பங்லிமா காராங் போய்ச் சேரும்வரை வாளி, கொட்டை, படிக்கட்டு என்று மனத்துக்குள்ளேயே எண்ணிக்கொண்டு போனேன். காரில் நான் மட்டும்தான் இருந்தேன். கண்ணாடிகளை ஏற்றியிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.