அம்மாவுக்கு ஒட்டிய கால்

எங்கள் அண்ணி வேதா ஊரில் யாருக்கு எத்தனை பரு என்று சொல்லக்கூடியவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருஷமாக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரு அழிப்பதுதான் வேலை. பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறவனுக்குச் சட்டையில் காலர் வைப்பாள். மூடிய கண்ணைத் திறப்பாள். கல்யாண ஆல்பத்தில் சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பாவைக் கூட்டிவந்து ஓரத்தில் நிறுத்துவாள். இத்தனை பேரைத் திருத்தியவளால் என்னை மட்டும் திருத்த முடியவில்லை என்று அம்மா சொல்லும். பத்தாவதில் கணக்கு போனதிலிருந்து நான் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணியின் டப்பாவில் சாம்பார் சாதத்துக்கு அடியில் கோலிக்குண்டு வைப்பது போன்ற சில்லறை வேலைகள் செய்துவருகிறேன்.

அண்ணி எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஸ்டுடியோ கேமராவை ஒரு நாள் இரவல் வாங்கிவந்து, விடியற்காலை எங்கள் அடி அண்ணாமலைத் தெருவுக்கு வெளியே எடுத்தது. பின்னால் மலை, ஈர ரோடு, நடுவில் எங்கள் அம்மா பொன்னி தனியாகக் கிரிவலம் நடந்து வருகிறது. அம்மாவா இது என்று நானே மூக்கை உறிஞ்சினேன். ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.

அதை ஒரு போட்டிக்கு அனுப்ப நினைத்தாள் அண்ணி. ஒரு சிக்கல். அம்மாவின் காலில் செருப்பு.

சர்க்கரை நோய். உள்ளங்காலில் புண். செருப்பில்லாமல் ஓரடி வைக்கக்கூடாது என்று டாக்டர் தடியான நீலச் செருப்பு ஒன்றை மாட்டிவிட்டார். ஆனால் பௌர்ணமி தோறும் எங்கள் வாசலில் தண்ணி பாட்டில் விற்றுக்கொண்டே, செருப்போடு நடப்பவர்களையெல்லாம் "மலைய சுத்த வந்தியா, மார்க்கெட்டு சுத்த வந்தியா?" என்று இருபது வருஷமாகக் கேட்டுவருவதும் அதே அம்மாதான். அதனால் இப்போது யாரும் எழுந்திருக்கும் முன் நடந்துவிட்டு வந்துவிடும். தெருவுக்கு விஷயம் தெரியாது.

"செருப்பு தெரியாம போடு வேதா. தெரிஞ்சா நாண்டுக்கினு சாவேன்" என்றது அம்மா.

"தெரியாது அத்தை" என்றாள் அண்ணி. அழிப்பதுதான் அவள் தொழிலாயிற்றே. மத்தியானம் என்னை முற்றத்தில் நிற்கவைத்து என் காலைப் படம் பிடித்து, அம்மாவுக்கு ஒட்டினாள். செல்போனில் நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அற்புதமாக இருந்தது. 'எதையும் சேர்க்கவில்லை, நீக்கவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து, மலையடி போட்டோ கிளப் போட்டிக்கு அனுப்பிவிட்டாள். மற்றவர்களின் முகத்துக்கே வேலை செய்தவளின் பெயர் முதல்முறையாக ஒரு படத்துக்குக் கீழே வந்தது.

முதல் பத்தில் வந்துவிட்டது. பத்துப் படத்தையும் திரையில் போட்டு நடுவர் குறை நிறை சொல்வார், ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள் என்றார்கள். ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் மாடி. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டது. போதாதென்று பக்கத்து வீட்டு மதிவதனி அக்காவையும் கூட்டிவந்தது. பெருமையடிக்க ஒரு ஆள் வேண்டுமே.

நடுவர் நடராஜ் சார் வேலூர்க்காரர். மெதுவாகப் பேசுகிறவர், அதுதான் பயமாக இருந்தது. ஏழாவதாக அம்மா திரையில் வந்தது, சுவர் உயரத்துக்கு.

"இந்த வரிசையிலயே எனக்குப் புடிச்ச படம்" என்றார். மதிவதனி அக்கா அம்மாவின் தொடையில் கிள்ளியது.

"ஆனா, கிட்ட போய்ப் பார்ப்போம்."

படம் பெரிதானது. முகம் போனது, புடவை போனது, கால் வந்தது. சுவர் முழுக்க என் கால்.

"வெளிச்சம் பாருங்க. முகத்துக்கு இடது பக்கத்துலருந்து வருது, காலுக்கு நேர் மேலருந்து வருது. நிழலுக்கும் பாதத்துக்கும் நடுவுல ஒரு இஞ்ச் இடைவெளி. அம்மா ரோட்டுல நடக்கல, மிதக்கறாங்க." ரெண்டு பேர் சிரித்தார்கள். "முகத்துக்கு வயசு ஐம்பத்தஞ்சு. காலுக்குப் பதினாறு, பதினேழு இருக்கும். இது எல்லாத்தையும் விட ஒண்ணு. கழுத்துல தாலி இருக்கு. கால்ல மெட்டி எங்க?"

"ஐயோ" என்றது மதிவதனி அக்கா. "அண்ணன் கல்லு மாதிரி இருக்காரே!"

அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் கழுதைக் காலில் மெட்டி எப்படி இருக்கும்? மூன்று பொம்பளைகள் பார்த்தோம், ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"இது யார் எடுத்தது? ஏம்மா மாத்தினீங்க? அங்க முன்னாடி இன்னா இருந்துது?"

அண்ணி எழுந்து நின்றாள். கை நாற்காலியைப் பிடித்திருந்தது. அம்மா முந்தானையின் ஜரிகையை எண்ணிக்கொண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் தரையில் ஒயர் பெட்டி கிடந்தது. என் நிஜக் கால் அதன் ஸ்விட்ச் மேல் எப்படியோ போய்விட்டது. திரை அணைந்தது.

"கரண்டு போச்சு போல" என்றேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இருட்டான திரையைப் பார்த்தபடி அண்ணி சொன்னாள்: "அழகா இருக்கும்னு நெனச்சேன் சார். என் தப்புதான்."

நடராஜ் சார் தலையாட்டினார். "படம் நல்லாருக்கு, ஒட்டுவேல நல்லால்ல. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல அனுப்புங்க, அதையே போட்டியில வெச்சுக்கறேன். வரலன்னா எடுத்துடுவேன்."

ஷேர் ஆட்டோவில் மதிவதனி அக்கா அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தது. அம்மா அன்றைக்கு வேண்டுமென்றே வெறுங்காலோடு வந்திருந்தது. இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மூன்று மணி. அம்மா வாசலில் பாட்டில்களை அடுக்கியது, கலைத்தது, திரும்ப அடுக்கியது. அண்ணி அரிசி களைந்தாள். நான்கு மணி. அண்ணி செல்போனை எடுத்து, 'படத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று டைப் அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தாள்.

"அம்மாகிட்ட கேளேன் அண்ணி."

"கேக்க மாட்டேன் ஆர்த்தி. குடுத்த வார்த்த."

"இன்னொரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றேன், சும்மா.

"அது மாதிரி வராது" என்றாள். அவள் மூக்கு சிவந்திருந்தது.

பிறகு குளிக்கப் போய்விட்டாள். போன் அடுப்பு மேடையில் கிடந்தது. அதன் பூட்டு எனக்குத் தெரியும். ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். மூன்று தட்டு தட்டினால் போதும். எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். நான் கேட்காமல் செய்ததெல்லாம் சிரித்து முடிகிற விஷயங்கள். இது அம்மாவின் கால்.

நாலே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மா உள்ளே வந்தது. அண்ணி ஈரத்தலையோடு நின்றாள்.

"அந்த மொத படத்தக் காட்டு."

அண்ணி காட்டினாள். அம்மா ரெண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கியது.

"மெட்டி தெரியுது."

"தெரியுது அத்தை."

"செருப்பும்."

"ம்."

அம்மா போனை எடுத்துக்கொண்டு நேராகச் சுற்றுச்சுவரண்டை போனது. "மதி! ஏ மதி, இங்க வாடி!"

மதிவதனி அக்கா ஓடிவந்தது. அம்மா முதலில் படத்தைக் காட்டியது. பிறகு காலைத் தூக்கிச் சுவர் மேல் வைத்து உள்ளங்காலையும் காட்டியது.

"ஆறு மாசமா செருப்பு போட்டுக்கினுதான் சுத்தறேன். ஊரான் சொல்லி நீ தெரிஞ்சிக்க வேணாம். நானே சொல்லிட்டேன்."

அக்கா புண்ணைப் பார்த்தது, படத்தைப் பார்த்தது. "போன பௌர்ணமிக்கு எம் பொண்ண நடுத்தெருவுல நிக்க வெச்சு செருப்பக் கழட்டுன்னு திட்டினியே!"

"திட்டினேன். இப்ப அவளக் கூப்புடு, வந்து என்னத் திட்டிட்டுப் போகட்டும்."

அக்கா குனிந்து புண்ணை இன்னொரு தரம் பார்த்தது. "இந்தக் காலோடயா இன்னிக்கு வெறுங்கால்ல வந்த? அறிவிருக்காக்கா உனக்கு?"

அம்மா திரும்பி, போனை அண்ணியின் கையில் திணித்தது. "அனுப்பு. எம் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மெட்டி இல்லாத படம் எனக்கு வேணாம்." ரெண்டடி போய் நின்றது. "அங்க என்னக் காட்டிக் குடுக்காம நின்ன பாரு, அதுக்கும்தான்."

எங்கள் தெருவில் சிக்னல் எப்போதும் கம்மி. வட்டம் சுற்றியது, சுற்றியது. மூன்று தலையும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலையும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்திருந்தன. மணி நாலு ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"பரிசு வருமா?" என்றது அம்மா.

"தெரியல அத்தை. இன்னும் ஒம்பது பேர் இருக்காங்க."

"அந்த ஒம்பது பேர்ல எத்தினி பேரு மாமியார எடுத்துருக்காங்க?"

"யாருமில்ல அத்தை."

"அப்புறம் இன்னா" என்று சொல்லிவிட்டு, அம்மா நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனது.