கத்திரிப்பூ நிற ஓரங்கள்

காலை ஐந்தரைக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன், பதினொன்றுக்குப் புதுச்சேரி. மனைவி போன பிறகு தனியாக வெளியூர் வருவது இதுதான் முதல் தடவை. பக்கத்து இருக்கையில் கேமரா பையை வைத்துக்கொண்டேன். நெல்லித்தோப்புக்கு ஆட்டோ நூறு ரூபாய். அநியாயம்தான், பேரம் பேச மனசில்லை.

அறை வாடகைக்குத் தந்த ஸ்டெல்லா அம்மா என் கேமராவைப் பார்த்துவிட்டார். மகன் அந்துவான் இரண்டு மணிக்கு பிரான்ஸுக்குக் கிளம்புகிறான், திரும்பி வர எத்தனை வருஷமோ, வீட்டில் ஏழு பேரும் சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லை, எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

பன்னிரண்டு மணி. கூடம் பத்தடிதான், பின்னால் நகர இடமில்லை. என்னிடம் இருந்த ஒரே லென்ஸ் பிலிம் காலத்து அகலக்கோண லென்ஸ். ஏழு பேரும் அடங்கினார்கள். பெரியவர்கள் நடுவில், ஊருக்குப் போகிறவன் வாசல் பக்க ஓரத்தில் என்று அவர்களாகவே நின்றார்கள். எடுத்தேன். ஸ்டெல்லா அம்மா திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“எம்புள்ள மூஞ்சி மட்டும் ஏன் சார் கத்திரிக்கா மாதிரி இருக்குது?”

வெட்கமாகப் போயிற்று. தப்பு பையனுடையது அல்ல, என்னுடையது. இந்த லென்ஸின் பின்கண்ணாடி பிலிமை ஒட்டி நிற்கும்படி செய்யப்பட்டது. ஓரத்துக்குப் போகும் வெளிச்சம் ரொம்பச் சாய்ந்து விழும். பிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் சென்சாரோ நேராக வரும் வெளிச்சத்தைத்தான் ஒழுங்காக வாங்கும்; சாய்ந்து வந்தால் நிறம் மாறும், உருவமும் கலங்கும். புது லென்ஸ்களில் இதற்காகவே பின்கண்ணாடியைத் தள்ளி வைக்கிறார்கள்.

ஓரத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று சொல்லி, இரண்டு வரிசையாக நெருக்கி நிறுத்தினேன். அந்துவான் நடுவில், அம்மாவின் தோளைப் பிடித்தபடி. இந்தத் தடவை முகம் பளிச்சென்று வந்தது. ஸ்டெல்லா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கணவர் “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீங்களும் வந்து நில்லுங்க சார். ஒண்டியா வந்திருக்கீங்க” என்றார் ஸ்டெல்லா அம்மா.

நடுவில் எனக்கு இடம் விட்டார்கள். டைமரை அழுத்திவிட்டு ஓடிப்போய் நின்றேன்.

இரண்டு மணிக்குக் கார் கிளம்பியது. வீடே வெறிச்சோடிவிட்டது. அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். ஏழு பேரும் தெளிவு. நடுவில் விட்ட இடம் அப்படியே காலி. ஓரத்தில் ஒருவர் கத்திரிப்பூ நிறத்தில் இழுபட்டு நிற்கிறார், யாரென்றே தெரியவில்லை. இந்த லென்ஸ் ஓரத்தை என்ன செய்யும் என்று அந்தக் கூடத்தில் நன்றாகத் தெரிந்தவன் நான்தான். தெரிந்தேதான் அங்கே போய் நின்றிருக்கிறேன்.